அணுவுக்கு ஆசை உண்டா? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருந்தன. அணுக்கள் ஏன் ஒன்றோடொன்று சேர்கின்றன, எப்படிச் சேர்கின்றன, சேர்ந்ததும் ஏன் ஆளே மாறிப்போகின்றன. ஒன்பதாம் வகுப்பில் வேதிப்பிணைப்பு நடத்துகிற நேரம் போலிருக்கிறது, பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள், பிள்ளைகளுக்குப் பதில் சொல்ல முடியாமல் பெற்றோரும் கேட்டிருக்கிறார்கள். நான் பல வருடம் பள்ளியில் நடத்திய பாடம் இது, மனசுக்கு ரொம்ப நெருக்கமானது. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு இந்தப் பக்கங்கள் முழுவதையும் இதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: சோடியத்தைத் தண்ணீரில் போட்டு அது வெடிப்பதை சார் செய்து காட்டினார். குளோரின் விஷ வாயு என்று புத்தகத்தில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்த உப்பை மட்டும் எப்படித் தைரியமாகச் சாப்பிடுகிறோம்?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, திண்டுக்கல்

உப்பில் நீ பார்த்த அந்தச் சோடியமும் இல்லை, விஷ வாயுவான குளோரினும் இல்லை. பதில் இவ்வளவுதான், ஆனால் இதோடு நிறுத்தினால் உனக்குத் திருப்தி இருக்காது.

சோடியம் அணுவில் 11 எலக்ட்ரான்கள். முதல் கூட்டில் 2, அடுத்ததில் 8, கடைசியில் தன்னந்தனியாக 1. அந்த ஒன்று அணுக்கருவிலிருந்து தள்ளி இருக்கிறது, நடுவில் இருக்கிற பத்தும் கருவின் இழுப்பை மறைக்கின்றன, அதனால் அதன் மேல் கருவுக்குப் பிடி குறைவு. தண்ணீரில் போட்டதும் சோடியம் அந்த ஒற்றை எலக்ட்ரானைத் தண்ணீரிடம் தள்ளிவிடுகிறது, அதில் ஹைட்ரஜன் வாயுவும் ஏகப்பட்ட சூடும் வெளியே வருகின்றன, நீ பார்த்த வெடிப்பு அதுதான். குளோரினுக்கு 17 எலக்ட்ரான்கள்: 2, 8, 7. அது எங்கே எலக்ட்ரான் கிடைத்தாலும் இழுத்துக்கொள்ளும். மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலின் ஈரத்தோடும் திசுவோடும் வினைபுரிந்துவிடும், அதனால்தான் விஷம். இரண்டும் சந்தித்தால் அந்த ஒரு எலக்ட்ரான் கை மாறுகிறது. சோடியம் நேர்மின் சுமையுள்ள அயனி, குளோரின் எதிர்மின் சுமையுள்ள குளோரைடு அயனி. கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாயிற்று, வாங்க வேண்டியதை வாங்கியாயிற்று, இனி வெடிக்கவும் ஒன்றுமில்லை, பிடுங்கவும் ஒன்றுமில்லை. நம் இரத்தத்திலும் கண்ணீரிலும் இருப்பவை இந்த அயனிகள்தான்.

இதோடு விட்டுவிடலாம், ஆனால் வகுப்பில் பெரும்பாலும் சொல்லாமல் போகிற ஒரு இடம் இருக்கிறது. சோடியம் தன் எலக்ட்ரானைச் சந்தோஷமாகக் கொடுத்துவிடும் என்று சொல்லிக்கொடுக்கிறோம். அப்படி இல்லை, இழுத்துத்தான் பிடுங்க வேண்டும். 23 கிராம் சோடியம் அணுக்களிலிருந்து ஆளுக்கு ஒரு எலக்ட்ரானை எடுக்க 496 கிலோஜூல் செலவாகும், ஏறக்குறைய 1.7 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்கிற ஆற்றல் அது. அந்த எலக்ட்ரான்களைக் குளோரின் அணுக்கள் வாங்கிக்கொள்ளும்போது திரும்பக் கிடைப்பது 349 தான். கணக்குப் பார், 147 கிலோஜூல் நஷ்டம்! கொடுக்கல் வாங்கல் மட்டும்தான் பிணைப்பு என்றால் உப்பே உருவாகியிருக்காது.

நஷ்டத்தை அடைப்பது அடுத்து நடப்பது. நேரும் எதிருமான அயனிகள் ஒன்றையொன்று இழுத்து, ஒவ்வொரு சோடியத்தைச் சுற்றியும் ஆறு குளோரைடு, ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம் என்று அடுக்கிக்கொள்கின்றன. அப்படி அடுக்கும்போது 787 கிலோஜூல் வெளியே வருகிறது. படிகக்கூடு ஆற்றல் என்று மேல் வகுப்பில் படிப்பாய். பழைய 147-ஐக் கழித்து, சோடியம் உலோகத்திலிருந்து அணுக்களைப் பிரிக்கிற செலவு, குளோரின் ஜோடிகளைப் பிரிக்கிற செலவு எல்லாவற்றையும் கழித்தாலும் 411 கிலோஜூல் மிச்சம். ஆக, உப்பைக் கட்டிவைத்திருப்பது அந்த எலக்ட்ரான் கை மாறியது இல்லை, மாறிய பிறகு ஏற்பட்ட இழுப்பு.

சமையலறையிலிருந்து ஒரு சிட்டிகை தூள் உப்பை எடுத்துக் கறுப்புத் துணி மேல் தூவி, பூதக்கண்ணாடி வைத்துப் பார். முக்கால்வாசித் துணுக்குகள் சின்னச் சின்னக் கனசதுரமாக இருக்கும், சிலவற்றுக்கு மூலை மழுங்கியிருக்கும். யாரும் அதை வெட்டிச் செதுக்கவில்லை. ஒன்று விட்டு ஒன்றாக அயனிகள் அடுக்கிய அடுக்குதான் வெளியே வந்து கண்ணுக்குத் தெரிகிறது. 0.3 மில்லிமீட்டர் பக்கமுள்ள ஒரு துணுக்கின் ஒரே ஓரத்தில் பத்து லட்சம் அயனிகள் வரிசையாக நிற்கின்றன. அதில் எந்தச் சோடியம் எந்தக் குளோரைடுக்குச் சொந்தம் என்று கேட்டால் பதில் கிடையாது. உப்பில் தனி மூலக்கூறு என்று ஒன்று இல்லை, துணுக்கு முழுவதும் ஒரே கட்டு.

கேள்வி: எல்லா அணுவும் எட்டு எலக்ட்ரான் வேண்டும் என்று ஆசைப்படுகிறது என்றுதான் நான் நடத்துகிறேன். ஒரு பையன் எழுந்து, "அணுவுக்கு எட்டு என்று எப்படித் தெரியும் டீச்சர்?" என்கிறான். என்ன சொல்வது?
– அறிவியல் ஆசிரியை, மன்னார்குடி

டீச்சர், அந்தப் பையனை எனக்காக ஒருமுறை பாராட்டிவிடுங்கள். அணுவுக்கு எதுவும் தெரியாது, ஆசையும் கிடையாது. மேட்டில் வைத்த கல் உருண்டு பள்ளத்துக்கு வருகிறது, கல்லுக்குப் பள்ளத்தின் மேல் ஆசை என்று நாம் சொல்வதில்லை. அணுக்களும் எலக்ட்ரான்களும் மொத்த ஆற்றல் குறைகிற நிலைக்குப் போகின்றன. நிறைய இடங்களில் அந்த நிலையில் வெளிக்கூட்டில் எட்டு இருக்கிறது. எட்டு என்பது நாம் கண்டுபிடித்த அடையாளம், காரணம் அது இல்லை.

இந்த எண் வந்த வழியைச் சொன்னால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அமெரிக்காவில் கில்பர்ட் லூயிஸ் என்பவர் 1902-ல் மாணவர்களுக்கு விளக்குவதற்காக அணுவை ஒரு கனசதுரமாக வரைந்து, எட்டு மூலையிலும் எலக்ட்ரானை வைத்துப் பார்த்தார். அப்புறம் 14 வருடம் யோசித்து 1916-ல்தான் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். இரண்டு அணுக்கள் ஒரு ஜோடி எலக்ட்ரானைப் பகிர்ந்துகொள்வதுதான் பிணைப்பு என்ற எண்ணம் அதில்தான் வந்தது. இன்றைக்கு நாம் கரும்பலகையில் புள்ளி வைத்துப் போடுகிற படம் அவர் பெயரில்தான் இருக்கிறது. அதே 1916-ல் ஜெர்மனியில் வால்தர் கோசெல் அயனிகளை வைத்து உப்பு போன்றவற்றை விளக்கினார். லூயிஸுக்குக் கடைசிவரை நோபல் பரிசு கிடைக்கவில்லை, எனக்கு அது இன்றும் ஆறாத வருத்தம்.

விதிக்கு அடங்காதவையையும் தயங்காமல் காட்டுங்கள். போரான் டிரைஃபுளோரைடில் போரானைச் சுற்றி ஆறுதான். சல்ஃபர் ஹெக்சாஃபுளோரைடில் கந்தகத்தைச் சுற்றி ஆறு பிணைப்பு, புள்ளி வைத்து எண்ணினால் பன்னிரண்டு. நைட்ரிக் ஆக்சைடில் வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் மொத்தம் 11, ஒற்றைப்படை, எப்படிப் பிரித்தாலும் இரண்டு பேருக்கும் எட்டு வராது. அந்த வாயுதான் நம் உடம்பில் இரத்தக் குழாய்களைத் தளர்த்துகிற சேதியைச் சுமந்து போகிறது.

எல்லாவற்றையும் விட நல்ல கதை செனான். வெளிக்கூட்டில் எட்டு நிறைந்தது, மந்த வாயு, யாரோடும் சேராது என்று உலகம் முழுக்க நம்பினார்கள். 1962-ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நீல் பார்ட்லெட் ஒரு விஷயத்தைக் கவனித்தார். பிளாட்டினம் ஹெக்சாஃபுளோரைடு என்ற வாயு ஆக்சிஜன் மூலக்கூறிடமிருந்தே எலக்ட்ரானைப் பிடுங்குகிறது. செனானிடமிருந்து பிடுங்கவும் கிட்டத்தட்ட அதே ஆற்றல்தான் வேண்டும், அப்படியானால் ஏன் முடியாது? கருஞ்சிவப்பு வாயுவையும் நிறமில்லாத செனானையும் கலக்கவிட்டார், உடனே ஆரஞ்சு மஞ்சள் நிறத்தில் திடப்பொருள் படிந்தது. எட்டு நிறைந்தவன் சேரமாட்டான் என்ற நம்பிக்கை அன்றைக்கு முடிந்தது. அந்தப் பையனிடம் இதைச் சொல்லுங்கள். எட்டு விதியைத் தேர்வுக்குப் படிக்கட்டும், பயன்படுத்தட்டும், ஆனால் அணுவுக்குள் உட்கார்ந்து யாரும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளும் என்கிறார்கள். அப்புறம் இரண்டு எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொண்டால் அணுக்கள் ஒட்டிக்கொள்ளும் என்றும் சொல்கிறார்கள். தள்ளுகிற பொருளை நடுவில் வைத்து எப்படி ஒட்டுவது?
– கல்லூரி மாணவர், திருச்சி

முரண்பாடு மாதிரிதான் தெரியும், தம்பி. எலக்ட்ரான்களை மட்டும் பார்ப்பதால் அப்படி. இரண்டு ஹைட்ரஜன் அணுக்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கரு, இரண்டு எலக்ட்ரான். கருவும் கருவும் தள்ளுகின்றன, எலக்ட்ரானும் எலக்ட்ரானும் தள்ளுகின்றன, ஆனால் ஒவ்வொரு எலக்ட்ரானையும் இரண்டு கருக்களும் இழுக்கின்றன. அந்த இழுப்பு நான்கு, தள்ளுவது இரண்டு. எலக்ட்ரான் இரண்டு கருவுக்கும் நடுவே அதிக நேரம் இருந்தால் அதை இரண்டு பக்கமிருந்தும் இழுக்கிறார்கள், கருக்களும் அதை நோக்கி வருகின்றன. ஒரே எலக்ட்ரான் இருந்தால்கூடப் பிணைப்பு உண்டாகும் என்பதுதான் இதற்குச் சாட்சி. ஹைட்ரஜன் மூலக்கூறிலிருந்து ஒரு எலக்ட்ரானைப் பறித்துவிட்டாலும் மீதி ஒன்று இரண்டு கருக்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கும், பிடி மட்டும் தளர்ந்துவிடும்.

ரொம்பக் கிட்டே வந்தால் கருக்களின் தள்ளல் ஓங்கிவிடும், ரொம்ப விலகினால் இழுப்பு குறைந்துவிடும். நடுவில் ஓர் இடத்தில் ஆற்றல் மிகக் குறைவு, ஹைட்ரஜனுக்கு அது 74 பிக்கோமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்குள் அப்படிப்பட்ட இடைவெளிகள் 1 கோடியே 35 லட்சம் அடங்கும். பிணைப்பின் நீளம் என்று நாம் சொல்வது அந்தத் தூரம்தான், அங்கே குச்சியும் இல்லை, கொக்கியும் இல்லை. ஏன் சரியாக ஒரு ஜோடி, எதிரெதிர் சுழற்சியுள்ள இரண்டு, என்பதற்குக் குவாண்டம் கணக்குதான் பதில் சொல்லும். 1927-ல் ஹைட்லர், லண்டன் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் ஹைட்ரஜனுக்கு அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார்கள், எலக்ட்ரானைப் பகிர்ந்து உண்டாகிற இந்தச் சகப்பிணைப்பு ஏன் இருக்கிறது என்பதற்கு முதல் சரியான விளக்கம் அது.

இன்னொன்று, பகிர்வு எப்போதும் சரிபாதி இல்லை. இரண்டு ஹைட்ரஜனுக்கு நடுவே சரிபாதி. தண்ணீரில் அப்படி இல்லை, ஆக்சிஜன் தன் பக்கம் அதிகமாக இழுத்துக்கொள்ளும். லைனஸ் பாலிங் என்ற அமெரிக்க வேதியியலாளர் இந்த இழுக்கும் குணத்துக்கு எண் கொடுத்தார், எலக்ட்ரான் கவர்தன்மை: ஹைட்ரஜன் 2.20, கார்பன் 2.55, குளோரின் 3.16, ஆக்சிஜன் 3.44, ஃபுளோரின் 3.98, இந்தப் பக்கம் சோடியம் 0.93. வித்தியாசம் கூடக்கூடப் பகிர்வு சாய்ந்துகொண்டே போய்க் கடைசியில் முழுசாகக் கை மாறிவிடுகிறது. அயனிப் பிணைப்பு, சகப்பிணைப்பு என்று புத்தகத்தில் இரண்டு பெட்டி போட்டிருப்பது படிக்கிற வசதிக்காக. உண்மையில் அது ஒரே சரிவு, உப்பு ஒரு கோடியில், ஹைட்ரஜன் மறுகோடியில், தண்ணீர் நடுவழியில்.

கேள்வி: உப்புத் தண்ணீரில் கரண்ட் பாய்கிறது, சர்க்கரைத் தண்ணீரில் பாயவில்லை. இரண்டும் கரையத்தானே செய்கின்றன?
– ஈரோடு வாசகர்

கரைவது இரண்டும்தான், கரைந்த பிறகு உள்ளே இருப்பது வேறு. உப்பு கரைந்தால் அயனிகள் தனித்தனியாக நீந்துகின்றன, சுமை உள்ளவை நகர்ந்தால் அதுதான் மின்னோட்டம். சர்க்கரை முழு மூலக்கூறாகவே கரைகிறது, சகப்பிணைப்பு ஒன்றும் அறுவதில்லை, சுமை சுமந்து போக ஆள் இல்லை. வீட்டில் செய்து பார்க்க நினைத்தால் டார்ச் பேட்டரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சுவர் பிளக் பக்கம் போகவே வேண்டாம்.

கேள்வி: கேஸ் எரியும்போது அதன் பிணைப்புகள் உடைந்து, உள்ளே இருந்த ஆற்றல் வெளியே வருகிறது என்று டியூஷனில் சொன்னார்கள். சரிதானா?
– பதினொன்றாம் வகுப்பு மாணவர், நாகர்கோவில்

சரியில்லை, இந்தத் தப்பை எப்படியாவது விரட்ட வேண்டும் என்று எனக்குத் தீராத வேகம். பிணைப்பை உடைத்தால் ஆற்றல் வராது. எந்தப் பிணைப்பாக இருந்தாலும், எப்போது உடைத்தாலும், செலவுதான். மேலே சொன்ன பள்ளத்தை நினைத்துக்கொள்ளுங்கள், பள்ளத்தில் கிடக்கிற கல்லை மேலே ஏற்ற நாம்தான் மெனக்கெட வேண்டும். ஆற்றல் வெளியே வருவது புதுப் பிணைப்பு உண்டாகும்போது.

சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும், கணக்கு நீளும். சாண எரிவாயுவில் இருக்கிற மீத்தேனை எடுத்துக்கொள்வோம், சின்னது. ஒரு மீத்தேனுக்கு இரண்டு ஆக்சிஜன் மூலக்கூறுகள் வேண்டும். கீழே வருகிற கிலோஜூல் எல்லாம் ஒரே ஒரு மூலக்கூறுக்கு இல்லை, 16 கிராம் மீத்தேனில் இருக்கிற அத்தனை மூலக்கூறுகளுக்கும் சேர்த்து. உடைக்க வேண்டியது நான்கு கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பு, ஒன்றுக்குச் சராசரி 413 கிலோஜூல், ஆக 1652. இரண்டு ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு, 498 வீதம் 996. மொத்தச் செலவு 2648. இனி வரவு. கார்பன் டை ஆக்சைடில் இரண்டு இரட்டைப் பிணைப்பு, 799 வீதம் 1598. இரண்டு தண்ணீர் மூலக்கூறில் நான்கு ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பு, 463 வீதம் 1852. மொத்த வரவு 3450. கழித்தால் 802 கிலோஜூல் மிச்சம், 16 கிராம் மீத்தேனுக்கு. சோதனைச்சாலையில் எரித்து அளந்தாலும் இதே அளவுதான் வருகிறது.

அடுப்பைத் திறந்தாலும் லைட்டரைத் தட்டுகிறவரை ஏன் பற்றவில்லை? முதல் சில பிணைப்புகளை உடைக்கிற முன்பணத்தை அந்தப் பொறிதான் கட்டுகிறது. கட்டியதும் வருகிற வரவு அடுத்தவற்றின் செலவைப் பார்த்துக்கொள்ளும், அதனால் தீ தானாகவே தொடர்கிறது. உயிரியல் பாடத்தில் ஏடிபியின் (உயிரணுவுக்குள் ஆற்றலைக் கொண்டுபோய்க் கொடுக்கிற மூலக்கூறு) பிணைப்பு உடைந்து ஆற்றல் வருகிறது என்று படிக்கும்போதும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் உடைவது செலவு, அதன் பிறகு தண்ணீரோடு சேர்ந்து உண்டாகிறவைதான் வரவு.

கேள்வி: காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் என்கிறீர்கள். பயிர் அந்தக் காற்றுக்குள்தான் நிற்கிறது. அப்புறம் நான் ஏன் மூட்டை மூட்டையாக யூரியா வாங்க வேண்டும்?
– விவசாயி, தஞ்சாவூர் பக்கம்

ஐயா, உங்கள் கேள்வி நியாயமானது. ஒரு ஏக்கர் வயலுக்கு நேர் மேலே வானம் வரைக்கும் இருக்கிற காற்றில் முப்பதாயிரம் டன்னுக்கு மேல் நைட்ரஜன் இருக்கிறது. ஒரு 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது 21 கிலோகூட இல்லை. இருந்தும் அதை எடுக்க முடியாமல் இதைக் காசு கொடுத்து வாங்குகிறோம் என்றால் காரணம் பிணைப்புதான்.

காற்றில் நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாக இருக்கின்றன, நடுவில் மூன்று ஜோடி எலக்ட்ரான், முப்பிணைப்பு. மீத்தேனுக்குப் போட்ட அதே கணக்கில் அதை உடைக்க 945 கிலோஜூல். ஆக்சிஜனுக்கு 498 என்று மேலே பார்த்தோம், ஏறக்குறைய இரண்டு மடங்கு. நெல்லின் வேருக்கோ இலைக்கோ இதைப் பிரிக்கிற வழி கிடையாது. மின்னல் வெட்டும்போது கொஞ்சம் பிரிகிறது, மழையோடு இறங்குகிறது, அது போதாது.

1909-ல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஹேபர் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் பெரும் அழுத்தத்தில் வைத்து அம்மோனியா ஆக்கிக் காட்டினார், கார்ல் போஷ் அதை ஆலை அளவுக்குக் கொண்டுபோனார், 1913-ல் ஓப்பாவ் என்ற ஊரில் முதல் ஆலை ஓடியது. இன்றும் அதே முறைதான்: 400, 500 டிகிரி வெப்பம், காற்றழுத்தத்தைப் போல நூறு, இருநூறு மடங்கு அழுத்தம், இரும்பு வினையூக்கி. அந்த அம்மோனியாவோடு கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்தால் யூரியா. மூட்டைக்கு நீங்கள் கொடுக்கிற காசிலும் அரசு போடுகிற மானியத்திலும் பெரும் பங்கு அந்த மூன்று ஜோடி எலக்ட்ரானைப் பிரிக்கவும், அதற்கு வேண்டிய ஹைட்ரஜனை இயற்கை எரிவாயுவிலிருந்து எடுக்கவும்தான் போகிறது.

இதே வேலையை உங்கள் வயலிலேயே சத்தமில்லாமல் செய்கிற ஆள் ஒருவர் உண்டு. நெல் அறுத்த தாளடியில் உளுந்து தெளிக்கிறீர்கள் இல்லையா, பூக்கிற பருவத்தில் ஒரு செடியை மண்ணோடு மெதுவாகப் பெயர்த்து வேரைத் தண்ணீரில் அலசிப் பாருங்கள். கடுகு, மிளகு அளவில் முண்டு முண்டாக இருக்கும். ஒன்றை நகத்தால் கிள்ளுங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம், பச்சையாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் ஓய்ந்துவிட்டது. அந்த முண்டுக்குள் இருக்கிற ரைசோபியம் பாக்டீரியாவிடம் ஒரு நொதி இருக்கிறது, அது 500 டிகிரி வெப்பமோ பெரும் அழுத்தமோ இல்லாமல், மண்ணின் சாதாரணச் சூட்டில் அந்த முப்பிணைப்பைப் படிப்படியாகப் பிரிக்கிறது. சும்மா இல்லை, ஒரு நைட்ரஜன் மூலக்கூறுக்கு 16 ஏடிபி செலவு, அதற்கான சர்க்கரையைச் செடி கொடுக்கிறது. எனக்கு வேதியியலில் வியப்பு குறையாத இடங்களில் இது ஒன்று.

கேள்வி: 22 வருடமாகத் தங்கத்தில் வேலை பார்க்கிறேன். அடித்தால் தங்கம் விரிகிறது, கல்லுப்பை அடித்தால் தூளாகிறது. உள்ளே என்னதான் வித்தியாசம்?
– நகைப் பட்டறைத் தொழிலாளி, கோயம்புத்தூர்

உப்பில் நேர், எதிர், நேர், எதிர் என்று அடுக்கு இருக்கிறது. சுத்தியல் பட்டு ஓர் அடுக்கு ஓரிடம் நகர்ந்தால் போதும், நேருக்கு எதிரே நேர் வந்து நிற்கும், எதிருக்கு எதிரே எதிர். அவ்வளவு நேரமும் இழுத்துக்கொண்டிருந்தவை தள்ள ஆரம்பிக்கின்றன, கல் பிளந்துவிடுகிறது. தங்கத்தில் ஒவ்வொரு அணுவும் தன் வெளி எலக்ட்ரானைப் பொதுவில் விட்டுவைத்திருக்கிறது, அது யாருக்கும் தனிச் சொத்து இல்லை. அடுக்குகள் வழுக்கி நகர்ந்தாலும் அந்த எலக்ட்ரான் கூட்டம் கூடவே நகர்ந்து எல்லாரையும் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் ஒரு கிராம் தங்கத்தைச் சதுர மீட்டர் அளவுக்குத் தகடாக விரிக்க முடிகிறது.

அடிக்க அடிக்கத் தகடு விறைத்துப்போவது உங்களுக்குத் தெரியாததா. வழுக்கிய அடுக்குகளின் குறைகள் ஒன்றோடொன்று சிக்கி மேலும் வழுக்க விடாமல் செய்கின்றன. நெருப்பில் காய்ச்சி எடுக்கும்போது அணுக்கள் அசைந்து ஒழுங்காகிவிடுகின்றன, மறுபடி மெத்தென்று ஆகிறது. காரணம் எழுதப்படுவதற்குப் பல நூறு வருடம் முன்பே உங்கள் தொழில்காரர்கள் கைப்பழக்கத்தில் பிடித்துவைத்திருந்த விஷயம் இது.

கேள்வி: பென்சில் முனையும் வைரமும் ஒரே கார்பன் என்பதை நம்ப முடியவில்லை.
– இல்லத்தரசி, சேலம்

கல் ஒன்றேதான், கட்டுமானம் வேறு. வைரத்தில் ஒவ்வொரு கார்பனும் நான்கு பக்கமும் நான்கு கார்பனோடு பிணைந்திருக்கிறது, எந்தப் பக்கமும் அசையாது. பென்சிலில் இருக்கிற கிராஃபைட்டில் ஒவ்வொன்றும் மூன்றோடு மட்டும் பிணைந்து தகடு தகடாக இருக்கிறது, தகட்டுக்குள் பிணைப்பு வைரத்தை விடப் பலம், தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே லேசான இழுப்பு மட்டும்தான். எழுதும்போது தகடுகள் வழுக்கித் தாளில் ஒட்டிக்கொள்கின்றன.

கேள்வி: எங்கள் தெரு இஸ்திரிக்காரர் காட்டன் சட்டைக்குத் தண்ணீர் தெளித்துத்தான் தேய்க்கிறார், பாலியஸ்டருக்குத் தெளிப்பதில்லை. இதிலும் வேதியியல் இருக்கிறதா?
– சென்னை வாசகர்

நிறைய இருக்கிறது. நான் ஒருமுறை அரை மணி நேரம் வண்டி ஓரமாக நின்று இதைப் பார்த்திருக்கிறேன். கையில் தண்ணீர் எடுத்து விசிறித் தெளிக்கிறார், துணியைச் சுருட்டிச் சற்று நேரம் ஓரமாக வைக்கிறார், பிறகு கரிப் பெட்டியை ஈரத் துணியில் ஒற்றிச் சூட்டைப் பார்த்துவிட்டு மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. குப்பென்று ஆவி வருகிறது, சுருக்கம் போய்விடுகிறது.

பருத்தி நூல் என்பது செல்லுலோஸ், சர்க்கரைக் கண்ணிகள் கோத்த நீளமான சங்கிலி. சங்கிலி நெடுக ஆக்சிஜன்–ஹைட்ரஜன் தொங்கிக்கொண்டிருக்கும். ஆக்சிஜன் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் அந்த ஹைட்ரஜன் லேசாக நேர்மின் சுமையோடு நிற்கிறது, பக்கத்துச் சங்கிலியில் இருக்கிற ஆக்சிஜனை இழுக்கிறது. இதுதான் ஹைட்ரஜன் பிணைப்பு. மேலே போட்ட அதே கணக்கில் இதன் பலம் சுமார் 20 கிலோஜூல்தான், சங்கிலிக்குள் இருக்கிற நிஜப் பிணைப்புகளோடு ஒப்பிட்டால் பதினைந்தில் ஒரு பங்குகூட இல்லை, ஆனால் கோடிக்கணக்கில் இருக்கின்றன. சட்டையைக் கசக்கி மூட்டையாக வைத்தால் சங்கிலிகள் கோணலாக நகர்ந்து, அந்தக் கோணலிலேயே ஹைட்ரஜன் பிணைப்புகள் பிடித்துக்கொள்கின்றன. அதுதான் சுருக்கம்.

தண்ணீர் தெளித்தால் தண்ணீர் மூலக்கூறுகள் சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து அந்தப் பிடியைத் தாங்கள் வாங்கிக்கொள்கின்றன, சங்கிலிகள் நழுவத் தயாராகின்றன. சுருட்டி வைப்பது தண்ணீர் உள்ளே இறங்க நேரம் கொடுக்கத்தான். சூடான பெட்டி சங்கிலிகளை நேராக்கி, தண்ணீரை ஆவியாக்கி விரட்டுகிறது, நேராக இருக்கிற நிலையிலேயே புதுப் பிடிகள் உண்டாகின்றன. தேய்த்த சட்டையைச் சூடும் ஈரமும் போவதற்குள் மடித்து அடுக்கினால் மடிப்பின் இடத்தில் பிடித்துக்கொள்ளும், அதனால் கொஞ்சம் ஆறவிட்டு மடியுங்கள். பாலியஸ்டர் சங்கிலியில் அந்த ஆக்சிஜன்–ஹைட்ரஜன் தொங்கல்கள் அநேகமாகக் கிடையாது, தண்ணீருக்கு அங்கே வேலை இல்லை, மிதமான சூடு போதும்.

கேள்வி: இவ்வளவு சொல்கிறீர்கள். பிணைப்பை யாராவது கண்ணால் பார்த்திருக்கிறார்களா?
– ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், மதுரை

கண்ணால் பார்க்க முடியாது, ஒளியின் அலைநீளம் அதற்கு மிகப் பெரியது. ஆனால் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். 2009-ல் ஸ்விட்சர்லாந்தின் சூரிக் நகருக்கு அருகில் உள்ள ஐபிஎம் ஆய்வகத்தில் பென்டசீன் என்ற மூலக்கூறை எடுத்துக்கொண்டார்கள். 22 கார்பன், 14 ஹைட்ரஜன், ஐந்து அறுகோண வளையங்கள் வரிசையாக, மொத்த நீளம் 1.4 நானோமீட்டர். மைனஸ் 268 டிகிரி குளிரில் அதைப் படுக்கவைத்து, மேலே ஒரு நுண்ணிய ஊசியை நகர்த்தினார்கள். ஊசி எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் போதவில்லை, அதனால் அதன் முனையில் ஒரே ஒரு கார்பன் மோனாக்சைடு மூலக்கூறை ஒட்டவைத்தார்கள். இருட்டில் விரல் நுனியால் தடவிப் பார்க்கிற மாதிரி, அந்த முனை எலக்ட்ரான்கள் அடர்ந்திருக்கிற இடத்தில் தள்ளப்படுகிறது, அடர்த்தி குறைந்த இடத்தில் தள்ளல் குறைகிறது, அதைப் புள்ளி புள்ளியாகப் பதிவு செய்தார்கள்.

வந்த கறுப்பு வெள்ளைப் படத்தில் ஐந்து அறுகோணங்களும், நாம் நோட்டில் வரைகிற மாதிரியே, கோடு கோடாகத் தெரிந்தன. முதல் தடவை அந்தப் படத்தைப் பார்த்தபோது, எத்தனையோ வருடம் கரும்பலகையில் வரைந்த கோடு அங்கே கிடக்கிறதே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. 2012-ல் அதே குழுவினர் 60 கார்பன்கள் சேர்ந்த பந்து வடிவ மூலக்கூறை எடுத்து, அதில் இரண்டு விதப் பிணைப்புகளுக்கு இடையே இருக்கிற நீள வித்தியாசத்தைப் படத்திலேயே பிரித்துக் காட்டினார்கள். ஒன்று 138 பிக்கோமீட்டர், இன்னொன்று 145.